மூன்று மணி நிழல்

"எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் குடுங்க."

"இப்பத்தான் பத்திரத்துல நாப்பது கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். இன்னும் என்ன?"

"இது வாயால பண்றதுதான். இந்த வீட்ட விட்டுப் போயிடலாம்னு நீங்க என்னைக்கும் என்கிட்ட கேக்கக் கூடாது."

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், சாமான் எதுவும் வராத வெறும் கூடத்தில், மேற்கு ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு அவள் கேட்டது அது. புது மாப்பிள்ளை கேலி பண்ணவில்லை. இருபது வயதுக்குள் பதினொரு வாடகை வீடு மாறியவள் அவள் என்பது அவருக்குத் தெரியும்.

"சரி, நான் கேக்க மாட்டேன். நீயா கேட்டா?"

"நான் எதுக்குக் கேக்கப் போறேன்?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். நீயா வாயத் தெறந்து 'போயிடலாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அந்த நிமிஷமே கிளம்பிருவேன். செருப்புகூட மாட்ட மாட்டேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கப்புறம் மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊர் போய், இரண்டு பேரும் ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அந்தப் பேச்சு மறுபடி எழவே இல்லை. சுண்ணக்கட்டிக் கோடு நகர்ந்த அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அது அவளுக்குத் திடீரென்று நினைவுக்கு வந்தது.

கோடு அவள் போட்டது. முப்பது வருடம் கட்டட வரைபடம் வரைந்த கை. கைப்பையில் எப்போதும் ஓர் அடி ஸ்கேல் இருக்கும் என்பதால் தெருவில் அவளுக்கு ஸ்கேலம்மா என்றே பெயர். எட்டு வீடுகள், எல்லாம் தரைத்தளம் மட்டும், எல்லார் வீட்டு வாசலிலும் சாயங்கால வெயில். எதிர்வரிசை வீடுகளை ஒரு கம்பெனி மொத்தமாக வாங்கி இடித்துவிட்டு, ஏழு மாடிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு எட்டாவது மாடிக்குச் சாரம் கட்டியபோது, தெருவே அவள் வீட்டுக் கூடத்தில் கூடியது. கட்டடத்துக்குள் போய் அளக்க யாரையும் விடமாட்டார்கள். ஆனால் அதன் நிழல் தெருவில்தானே விழுகிறது? தினமும் சரியாக மூன்று மணிக்கு நிழலின் விளிம்பில் நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. கோட்டின் தூரத்தை அளந்தால் உயரம் தானாக வந்துவிடும்.

மணி சொல்வது அவர் வேலை. பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர். கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கடைசி பஸ்ஸை அனுப்புகிற குரலில், "மூணு!" என்பார். அவள் குனிந்து கோடு போடுவாள்.

எட்டு வீட்டுப் பெயரிலும் போட்ட மனு விசாரணைக்கு வந்தபோது, படமும் வேண்டும் என்று சொன்னார்கள். வீட்டுக்கு ஒருவராக எட்டுப் பேரை நிழலுக்குள் வரிசையாக நிறுத்தினாள். அவள் படம் எடுக்கிறவள், அதனால் அவள் வீட்டுக்காக அவர் கடைசியில் நின்றார். மறுபடி எடுக்கச் சொன்னால் அதே இடத்தில் நிற்க வேண்டுமே என்று, ஒவ்வொருவர் காலைச் சுற்றியும் நீலக்கோடு வரைந்தாள். வேலைப் பழக்கம்.

"ஸ்கேலம்மா, என் தொப்பைய அளந்துறாதீங்க. அதுக்கு நான் அனுமதி வாங்கல," என்றார் சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர்.

"சீக்கிரம் எடுங்கம்மா, கால் சில்லுங்குது," என்றாள் பாட்டு டீச்சர்.

"எல்லாரும் அசையாம நில்லுங்க," என்றாள் அவள்.

அந்தப் படமும் நோட்டும்தான் ஜெயித்தன. பதினொன்றாவது மாடியோடு வேலைக்குத் தடை விழுந்தது. கூடத்தில் டீயும் பிஸ்கெட்டுமாக ஒரே கொண்டாட்டம். இறுதி விசாரணை வரைக்கும் கோடு போட்டு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள், அதனால் அவளும் நிறுத்தவில்லை.

தடை விழுந்த ஒன்பதாம் நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, தெருவின் நடுவில் கிடக்க வேண்டிய நிழல் மூன்று எட்டு தள்ளி அவள் வீட்டுப் பக்கமாகக் கிடந்தது.

"மணி சரியா சொன்னீங்களா?"

"முப்பத்தஞ்சு வருஷம் பஸ் அனுப்பினவனப் பாத்து கேக்குற கேள்வியாடி இது?"

இந்த மாதத்தில் நிழல் நாளுக்கு ஒரு விரல் அளவு பின்வாங்க வேண்டும். அவள் நோட்டைப் பார்த்தாள். தலையைத் தூக்கி மாடிகளை எண்ணினாள். மேலிருந்து கீழாக மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு வந்தது. மேலே ஓர் ஆள் இல்லை, சாரத்தில் ஒரு சட்டி இல்லை, ஈரச் சிமெண்டு வாசனை மட்டும் தெரு முழுக்க, இப்போதுதான் பூசி முடித்தாற்போல.

மறுநாள் காலை மருந்துக்கடைக்காரர் கடை திறக்கவில்லை. வீட்டுக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. மேஜையில் பாதி குடித்த டீ, மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி. மனிதரும் இல்லை, மனைவியும் இல்லை.

"வாங்கிட்டாரு," என்றாள் பாட்டு டீச்சர், உதட்டைச் சுழித்து. "தலைவராம் தலைவர். நல்ல தொகையாத்தான் இருக்கும், கண்ணாடியக்கூட மறந்துட்டுப் போயிருக்காரு பாருங்க."

எல்லாரும் அதைத்தான் நினைத்தார்கள். போராடுகிற தெருவில் ஒருவர் காணாமல் போனால் வேறு என்ன நினைக்கத் தோன்றும்? அவள் மனு நகலை எடுத்து வந்தாள். முதல் பெயர்மேல் ஸ்கேலை வைத்து, சிவப்புப் பேனாவால் நேராக ஒரு கோடு இழுத்தாள். அவளுக்கு ஆத்திரமாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்கு நிழல் இன்னும் மூன்று எட்டு வந்தது. பதின்மூன்று மாடி.

அடுத்த நாள் இன்னொரு வீடு. அதற்கடுத்து இன்னொன்று. "இவருமா?" என்று கேட்கிற வாய்கள் நாளுக்கு நாள் குறைந்தன. "என் பேர மட்டும் அடிச்சுடாதீங்கம்மா, செத்தாலும் நான் விக்க மாட்டேன்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன பாட்டு டீச்சர், சனிக்கிழமை பிள்ளைகள் வகுப்புக்கு வந்து கதவைத் தட்டியபோது திறக்கவில்லை. உள்ளே சுருதிப்பெட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்திவிட்டுத் திரும்பும்போதுதான் அவள் வாசற்படியைப் பார்த்தாள். டீச்சரின் ஒரே ஜோடிச் செருப்பு, வெளியே பார்த்தபடி, அப்படியே கிடந்தது.

வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். எல்லா வாசலிலும் செருப்பு.

அன்றைக்கும் பெயரை அடிக்கத்தான் செய்தாள். ஸ்கேல் இருந்ததால் கோடு நேராக வந்தது.

கோடு நகர்ந்ததிலிருந்து ஏழாவது நாள் காலை கம்பெனி மேனேஜர் வந்தார். வழக்கமாகத் தேன் ஒழுகப் பேசுகிறவர், வெளிக்கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"மேடம், சத்தியமா நாங்க யாரையும் வாங்கலைங்க. தடை இருக்கும்போது வாங்கினா மாட்டிக்க மாட்டோமா?"

"பதினேழு மாடி நிக்குது. அதுக்கென்ன சொல்றீங்க?"

"நாங்க போட்டது பதினொண்ணு." சொல்லும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நாய் நிற்கிறது என்று தெரிந்தவன் போலக் கழுத்தை இறுக்கி வைத்திருந்தார். "வாட்ச்மேன் நாலு நாளா வரல. நானும் இனி வர மாட்டேன். கம்பெனிக்காகச் சொல்லல மேடம். கிளம்பிருங்க."

நல்ல தந்திரம், என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

நிழல் அதற்கு முந்தைய நாளே வாசற்படி ஏறியிருந்தது. ஒரு கட்டடத்தின் நிழல் வீட்டுக்குள் வராது, இது அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. சுவரில் ஏறும், கூரைமேல் படுக்கும், ஜன்னலை மறைக்கும், அவ்வளவுதான். இது சுவரில் ஏறவில்லை. திறந்திருந்த கதவு வழியாக, வீட்டு மனிதரைப் போல, தரையோடு தரையாக உள்ளே வந்து கூடத்தில் படுத்தது. சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகும் அது அங்கேயே இருந்தது. காலையில் சூரியன் பின்பக்கத்திலிருந்து எழுந்தபோதும் அதே இடம். விளக்கைப் போட்டால் விளிம்பு இன்னும் துல்லியமாகத் தெரிந்தது, காய்ந்த பெயிண்ட் போல. விளிம்புக்கு அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரம் ஓடியது, டிக் சத்தம் கேட்கவில்லை. கால் வைத்தால் கணுக்கால் வரை ஈரச் சிமெண்டின் குளிர் ஏறியது. அதில் நின்று பேசினால், சொன்ன வார்த்தை உதட்டை விட்டு நகராமல் அங்கேயே கெட்டிப்பட்டது.

அவருடைய நாற்காலி அந்த விளிம்பில்தான் இருந்தது, பாதம் மட்டும் நிழலுக்குள்.

"இந்தப் பக்கம் நகர்த்திப் போடட்டுமாங்க?"

"இருக்கட்டும். முட்டி மடக்க முடியல. எந்திரிச்சா மறுபடி உக்கார நேரமாகுது."

அவர் பாதங்கள் வெளுத்து, சாம்பல் பூத்துத் தெரிந்தன. தேய்த்துவிட உட்கார்ந்தாள். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். தோல் சொரசொரவென்று இருந்தது.

"டாக்டர வரச் சொல்லவா?"

"போன்தான் போகலியே."

போன் மூன்று நாளாகவே அப்படித்தான். எடுத்தால் தூரத்தில் கலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம். அதற்கு முன்னால் மகள் கடைசியாகப் பேசியபோது, "அம்மா, பிடிவாதத்த விடு. அப்பாவக் கூட்டிட்டு இங்க வந்துரு," என்று கெஞ்சினாள். "உங்கப்பா கேக்கட்டும், பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சத்தியத்தைக் காப்பாற்றுகிற மனுஷன் கேட்க மாட்டார் என்று தெரிந்து சொன்ன வார்த்தை அது.

அவர் கேட்கத் துடித்தார். அது அவளுக்குத் தெரியும். டீயை ஒரு வாய் குடிப்பார், டம்ளரை வைப்பார், "வந்து..." என்பார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. டீ நல்லாருக்கு."

ஒரே வார்த்தை. அவள் சொன்னால் போதும். தொண்டை வரை வந்து நின்ற அந்த வார்த்தையை, எச்சிலோடு சேர்த்து எத்தனையோ தடவை விழுங்கியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை இறுதி விசாரணை. எட்டுப் பெயரில் ஏழு அடிபட்டுவிட்டன, கட்டடம் பதினெட்டாவது மாடியோடு நின்றிருந்தது. எட்டாவதும் போனால் மனுவே இல்லை. தெரு இல்லை. பதினொரு வாடகை வீட்டுக்கு அப்புறம் கிடைத்த இந்தக் கூடம் இல்லை. வெள்ளி முடியட்டும், என்று சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மதியம் சொல்லிவிடலாம். ஒரு நாள்தானே.

வியாழக்கிழமை மதியம் டீ போட அடுப்படிக்கு வந்தாள்.

வீட்டில் வெளிச்சம் மிச்சமிருந்தது அங்கே மட்டும்தான். வெளிச்சம் போதவில்லை என்று வீடு வாங்கிய வருடம் அவளே வரைந்து, கொத்தனாரைப் பக்கத்தில் நின்று வேலை வாங்கி, கூரையில் பதித்த சதுரக் கண்ணாடி. அதன் வழியாக இறங்கிய வெயில் தரையில் ஒரு சதுரமாகக் கிடந்தது, இரண்டு பேர் நெருக்கி நிற்கிற அளவுக்கு. அதில் நின்றால் உள்ளங்கால் சூடு மண்டை வரை ஏறியது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சூடுபட்டு. அப்படியே நின்றாள். கண்ணை மூடினாள்.

திறந்தபோது சத்தம் போயிருந்தது.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது, சத்தமில்லை. குழாய் சொட்டியது, சத்தமில்லை. அடுப்படி வாசலைப் பார்த்தாள். நிலைப்படியை நிழல் தாண்டியிருந்தது. அடுப்பு மேடையின் கால்களை நனைத்துக்கொண்டு, அவள் நின்ற சதுரத்தை மூன்று பக்கமும் சுற்றி வந்திருந்தது.

"என்னங்க!"

குரல் உதட்டிலேயே நின்றது.

பின்கதவு கை எட்டும் தூரம். ஒற்றைக் காலைச் சதுரத்தில் வைத்தபடி எட்டித் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு நாலு விரல் திறந்து நின்றது. தகரம். பின்வீட்டையும் வாங்கிப் போட்டிருந்த கம்பெனி, மனையைச் சுற்றி அடித்த தகரத் தடுப்பு, நிலையோடு ஒட்டி, ஆணி அறைந்து. போன மாதம் இதற்காகவும் புகார் எழுதினாள். கையால் குத்தினாள். தகரம் அதிர்ந்தது. ஓசையே வரவில்லை.

அடுப்படி வாசல் வழியாகக் கூடம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் எல்லாம். சுவர், கடிகாரம், மேஜை. நாற்காலி.

நாற்காலி காலி.

முட்டி மடக்க முடியாதவர். எழுந்தால் உட்கார நேரமாகிறவர்.

நாற்காலியின் கீழே செருப்பு. இரண்டும் சேர்த்து, வெளியே பார்த்தபடி.

அவள் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லையே. சொல்லாமல் போகிற ஆள் இல்லையே அவர்.

"மூணு!"

கேட்டது. தெளிவாக. சத்தமே இல்லாத வீட்டில் அந்த ஒரு சத்தம். கூடத்திலிருந்து இல்லை. வாசலிலிருந்தும் இல்லை.

மேலேயிருந்து.

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். கண்ணாடிச் சதுரத்தில் வானம் இருந்தது. ஒரு மூலையில் சாம்பல் நிறமாக ஏதோ நுழைந்தது. நுழைந்துகொண்டே இருந்தது. கட்டடத்தின் உச்சி. தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டிய கட்டடம், அவள் கூரைக்கு மேலே குனிந்திருந்தது. எண்ணிப் பார்க்கவே வேண்டாம். பத்தொன்பது.

விளிம்பில் ஆட்கள்.

வரிசையாக. தோளோடு தோள். படத்தில் அவள் நிறுத்தி வைத்த அதே வரிசை. தொப்பை தெரிந்தது. டீச்சரின் கொண்டை தெரிந்தது. முகங்கள் பூசி மெழுகியிருந்தன, கண்ணும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் கொத்தனாரின் கரண்டித் தடம் மட்டும். வெறுங்கால்கள் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு காலையும் சுற்றி நீலக்கோடு.

கடைசியில் அவர். கைக்கடிகாரத்தைக் கண் இருந்த இடத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு.

அவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். ஓர் ஆள் அகலம். அவளுக்கு அளக்கத் தெரியும். அவள் அகலம்.

சதுரம் சுருங்கியது. வெயில் விரல் நுனியை விட்டது. குதிகாலை விட்டது. ஓட வேண்டும். கூடம் தாண்டி, வாசல் தாண்டி, தெரு. பன்னிரண்டு எட்டு. காலைத் தூக்கினாள்.

கால் வரவில்லை.

குனிந்து பார்த்தாள். அவள் பாதங்களைச் சுற்றி நீலக்கோடு. புதுசு. பொடி இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்கேல் பிடித்த கை வரைந்தது போலச் சுத்தமான கோடு. இடறல் இல்லை. பிசிறு இல்லை.

கையை விரித்தாள். விரல்களெல்லாம் நீலம்.

"அசையாம நில்லுங்க, ஸ்கேலம்மா," என்று மேலேயிருந்து மருந்துக்கடைக்காரரின் குரல் கேட்டது. அவளைப் போலவே, அதே இழுவையோடு. யாரோ சிரித்தார்கள். வரிசை கொஞ்சம் நகர்ந்து, அந்த இடத்தை இன்னும் சரியாக ஒழுங்குபடுத்திக்கொண்டது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. கடிகாரக் கையைத் தாழ்த்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, முகமில்லாத முகத்தை அவள் பக்கம் திருப்பி, காத்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருடமாகக் காத்திருந்த அதே பொறுமை. கேட்க மாட்டார். சத்தியம் பண்ணியிருக்கிறார். அவளாகத்தான் சொல்ல வேண்டும்.

தரையில் கடைசியாக இருந்தது நகக்கண் அளவு வெயில். அது அவள் கட்டைவிரல்மேல் ஏறி நின்று, அணைந்தது. குளிர் கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு. இடுப்புக்கு. தொண்டைக்கு வருவதற்குள், அங்கே இத்தனை நாள் சிக்கிக் கிடந்த அந்த ஒற்றை வார்த்தை தானாகவே மேலே எழுந்தது.

"போயிடலாங்க."